கிணற்றில் இறங்கிய பின்னல் நூல்

கஸ்தூரி வேங்கிக்காலில் ஊருக்கே மீன் பொரித்துப் போடுகிறவள். கலெக்டர் ஆபீஸ் விட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அவள் தள்ளுவண்டியைத் தாண்டிப் போனதில்லை. கத்தியை எடுத்தால் செதில் பறக்கும். ஈவு இரக்கமே கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஒரு மீனுக்காகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிணற்றங்கரையில் நின்றாள் என்றால் யார் நம்புவார்கள்?

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மருமகளாக வருகிறவள் வயல் கிணற்றில் ஒரு கெண்டைக் குஞ்சு விடவேண்டும். அதை யாரும் பிடிக்கக்கூடாது, தின்னக்கூடாது. மாமியார் தங்கம்மாள் விட்ட மீனுக்கு ஆமை கடித்து வால் பாதிதான். தங்கம்மாள் போன பிறகு அது யார் கண்ணிலும் படவில்லை. செத்திருக்கும் என்றே விட்டுவிட்டார்கள். கஸ்தூரியின் மீன் மட்டும் அவள் புண்ணாக்கு போட்டால் மேலே வந்து வாய் பிளக்கும்.

இப்போது நிலம் மனைகளாகிவிட்டது. மதியம் கிணற்றைத் தூர்க்கக் காலையிலேயே மண் லாரிகள் வந்து உறுமிக்கொண்டு நின்றன. சத்தத்துக்குப் பயந்து மீன் அடியாழத்துக்குப் போய்விட்டது. வலை போட்டார்கள், பாறையில் மாட்டிக் கிழிந்தது. மதியத்துக்குள் உயிரோடு எடுத்து ஏரியில் விடாவிட்டால் மண்ணுக்கடியில்தான் அதற்குச் சமாதி.

"ஒரு மீனுக்கு இன்னாமே இவ்ளோ ஆர்ப்பாட்டம்? வண்டியில தெனம் நூறு பொரிக்கிறியே, அதுங்களுக்கு உயிர் இல்லியா?" என்று கிண்டலடித்தான் புருஷன் ஆதிமூலம்.

"அதுங்கள நான் கொண்டாந்து விடலீங்க" என்றாள் வெடுக்கென்று.

கொழுந்தன் வல்லரசு சாத்தனூர் அணையில் மீன் பிடிக்கிறவன். கைச்சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து கிணற்று விளிம்பில் பூட்டினான். சக்கரத்தில் ஸ்டீல் கம்பி, அதன் நுனியில் ஈயக்குண்டு, குண்டுக்கு மேலே புண்ணாக்கு உருண்டை பொதிந்த தூண்டில் முள். மீன் வாயைக் கிழிக்காமலிருக்க முள் நுனியிலிருக்கும் எதிர்க்கொக்கியை நசுக்கியிருந்தான். இறக்கினான், காத்திருந்தான், ஏற்றினான். உருண்டை அப்படியே இருந்தது. மறுபடியும் அதே கதை.

கஸ்தூரி பொறுமையிழந்து கம்பிமேல் விரலை வைத்தாள். விர்ரென்று அதிர்ந்தது. லாரியின் உறுமல் கரை வழியாகக் கம்பியில் ஏறி அடிவரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"அடப்பாவி, லாரிய தூக்கி அது மூஞ்சிக்கு நேரா வெச்சிருக்கியே! உன் பையில பின்னல் நூல் இருக்குதில்ல, அத்த போடு."

"அண்ணி, பாறை ஒரசினா நூல் அறுந்துடும். கம்பின்னா தாங்கும்."

"தாங்கி இன்னா பிரயோஜனம்? அது வாய வெச்சாதானே!"

நூல் இறங்கியது. விரலுக்கு ஒரு அதிர்வும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து நூலில் மெல்ல ஒரு தட்டு. கஸ்தூரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அத்தனை ஆழத்திலிருந்து அது வாய் வைத்தது அவள் விரலில் தெரிந்தது. முருகா!

வல்லரசு சக்கரத்தைச் சுற்றினான். நூல் பாறையில் உரசி இழை இழையாகப் பிரிந்தது. கஸ்தூரி மூச்சைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். கறுத்த தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து வந்தது. அவள் மீன்தான், பச்சைக்குழந்தை கனம் இருக்கும். வாரியணைத்து மேலே கொண்டுவந்து, ஏரிக்கு எடுத்துப்போக வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் விட்டாள்.

"அண்ணி, கீழ பாருங்க!"

முள்ளுமில்லை, உருண்டையுமில்லை. இதன் பின்னாலேயே இன்னொன்று தானாக ஏறி வந்திருந்தது. அதைவிட இரண்டு மடங்கு. முதுகெல்லாம் பாசி. பாதி வால். லாரி டிரைவர்கூட இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தான்.

அதுவரை கிண்டலடித்துக்கொண்டிருந்த ஆதிமூலம் வேட்டி சட்டையோடு தண்ணீரில் இறங்கினான். மீன் ஓடவில்லை. இரண்டு கையாலும் அதை ஏந்தியபடி கழுத்தளவுத் தண்ணீரில் படிமேல் நின்று குழந்தைபோல அழுதான்.

பின்னாலிருந்த லாரிக்காரனுக்கு விஷயம் தெரியாது. ஹாரன் அடித்தான்.

"இருய்யா" என்று கத்தினாள் கஸ்தூரி. "எங்க மாமியார் ஏறி வராங்க."