நழுவி விழுந்த பேனா

சனிக்கிழமை பஜனைக்கு வரும் அக்கா தங்கைகளே, ரங்கநாதர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நான் இடது கைப் பழக்கக்காரி. மைசூரில் ஒரு கார்மெண்ட்ஸில் பதினோரு வருடம் துணி வெட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதத்தில், ஒரு மெஷின் சரிந்து இடது கையில் விழுந்தது. விரல்கள் தப்பின, ஆனால் மடங்கவில்லை. கத்தரி பிடிக்க முடியாமல் வேலை போயிற்று.

அரசு அலுவலகத்தில் ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டேன். அவர்கள் அனுப்பிய மருத்துவக் குழுவில் டாக்டர் ஒரு தாளை நீட்டினார். வலது கையால் வாங்கினேன். பெரியவர்களிடம் இடது கையை நீட்டினால் அம்மா முட்டியிலேயே போடுவாள், அந்தப் பழக்கம். அவரோ, நான் வலது கைக்காரி, வேலைக்குத் தடையில்லை என்று எழுதிவிட்டார். மனு தள்ளுபடி ஆனது. மரியாதை காட்டப் போய் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். எத்தனை நாள் அழுதேன் என்று என் கணவருக்குத்தான் தெரியும்.

மைசூர் மண்டி மொஹல்லா பகுதியில் இருக்கும் ஒரு வக்கீலம்மா கோர்ட்டில் மேல்முறையீடு போட்டார். "ஃபீஸ் பத்தி இப்போ பேச வேண்டாம்மா. ஜெயிச்சா அந்த ஆபீஸ்காரங்களையே குடுக்கச் சொல்லிக் கேப்போம்," என்றார். சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். "ரங்கா, கூண்டுல ஏறினா எனக்கு நாக்கு எழும்பாது. நீயே வந்து பேசு," என்று வேண்டினேன்.

எதிர்த்தரப்பு வக்கீல், "டாக்டர்கிட்ட வலது கையைத்தானே நீட்டுனீங்க?" என்றார்.

"பெரியவங்ககிட்ட எடது கையை நீட்டலாமா சார்?" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நீ பேசுகிற லட்சணம் இதுதானா என்று ரங்கநாதரை மனதுக்குள் திட்டினேன்.

சொன்ன சாட்சியத்தில் நான் கையெழுத்துப் போட, குமாஸ்தா கூண்டின் கட்டை மேல் பேனாவை வைத்தார். அது உருண்டது. என்னை அறியாமல் இடது கை பாய்ந்தது. விறைத்த விரல்களில் பட்டு, நழுவி, பேனா கீழே விழுந்தது. நீதிபதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே எதையோ குறித்துக்கொண்டு, கையை மறுபடி பரிசோதிக்கச் சொன்னார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கிறது. வக்கீலம்மாவின் ஃபீஸையும் அந்த அலுவலகமே கொடுக்க வேண்டியதாயிற்று. "ஒரு பேனாவைப் புடிக்கத் தெரியல, கேஸ் ஜெயிச்சுட்டா," என்று என் கணவர் இன்றும் கேலி செய்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முன்பெல்லாம் என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று பெருமாளுக்கே உத்தரவு போடுவேன். இப்போது கஷ்டத்தை மட்டும் சொல்கிறேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள், வழியை அவரிடம் விட்டுவிடுங்கள்.

போன வாரம் சந்நிதியில் தீர்த்தம் வாங்கினேன். வலது கை மேலே, மடங்காத இடது கை அடியில். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.