ஒரே பேர்ல ரெண்டு ஃபங்ஷன்

பொண்டாட்டி செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறு வாரமே நான் ஆபீஸ் போயிட்டேன். வூட்ல உக்காந்து இன்னா பண்றது? ஊரப்பாக்கத்துல ரெண்டு ரூம் வூடு, நான் ஒருத்தன். அழுகை வரலை. "அடக்கி வெச்சுக்காதபா, அழுதுடு"ன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. அட, அடக்கினாத்தானே! உள்ள ஒண்ணுமே இல்லை. பல்லுக்கு ஊசி போட்டா கன்னம் மரத்துப் போவுமே, அந்த மாதிரி. நாஸ்தா துன்னா ருசி தெரியாது, வண்டில போனா வெயில் தெரியாது. எரிச்சல் மட்டும் அப்பப்ப வரும், அதுவும் நெலைக்காது.

ஆபீஸ் கேளம்பாக்கத்துல. சின்ன கம்பெனி. மீன் புடிக்கப் போற படகுல மாட்டுற ஒரு பொட்டி செய்யறோம். படகு எங்க இருக்குன்னு அது கரைக்குச் சொல்லிக்கினே இருக்கும். ஆபத்துன்னா அழுத்தறதுக்கு ஒரு செவப்பு பட்டன் உண்டு. அந்தப் பொட்டிக்குள்ள ஓடுற ஆபரேட்டிங் சிஸ்டம் எங்க சொந்த சரக்கு. பதிமூணு வருஷமா நான் அதைக் கட்டிக்கினு அழுவறேன்.

நான் திரும்பிப் போனப்ப கம்பைலரை மாத்திக்கினு இருந்தாங்க. நாம எழுதற புரோகிராமை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தர்றதுதான் கம்பைலர். பழசு காலாவதி ஆயிடுச்சு, புதுசுக்குப் போவணும்னு மேனேஜர் முடிவு பண்ணி, வேலையை ஒரு பொண்ணுகிட்ட குடுத்திருந்தார். முப்பது வயசு இருக்கும், மதுராந்தகம் பக்கம், காண்ட்ராக்ட்ல வந்தவ. அந்த மாசக் கடைசியோட காண்ட்ராக்ட் முடியுது. புது கம்பைலர்ல பொட்டி ஒழுங்கா ஓடினா பர்மனென்ட், இல்லாட்டி கெளம்ப வேண்டியதுதான்னு மேனேஜர் என் முன்னாடியே அவகிட்ட சொன்னார். அவ அதை நம்பி, ஆபீஸ் பக்கத்துலயே வூடு பாத்து, பொண்ணை இங்க ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துட்டா. புருஷன் அவகூட இல்லை. ஏன்னு நான் கேட்டதில்லை.

புது கம்பைலரோட ஒரு லைப்ரரியும் வரும். அடிக்கடி தேவைப்படற ஃபங்ஷன், அதாவது ஒரே ஒரு வேலையைச் செய்யற குட்டி புரோகிராமுங்க, எல்லாம் அதுல ரெடியா இருக்கும். அதுல பதினோரு ஃபங்ஷனோட பேர், நாங்களே எழுதி வெச்சிருந்த ஃபங்ஷன் பேரோட இடிச்சுது. பழைய லைப்ரரில அந்தப் பேருங்களே கெடையாது, அதனால இத்தினி வருஷமா தொந்தரவு இல்லை. இப்ப ஒரே பேர்ல ரெண்டு. எதைக் கூப்பிடறதுன்னு தெரியாம, எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துக் கட்டற பில்டு பாதில நின்னுடுச்சு. "அண்ணா, இதெல்லாம் நீங்க எழுதினதுதானே, நீங்களே சரி பண்ணிக் குடுத்துடறீங்களா?"ன்னு கேட்டா. சரின்னேன்.

செய்ய வேண்டியது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. எங்க ஃபங்ஷன் பேருக்கு முன்னாடி நாலெழுத்து சேக்கணும், அதைக் கூப்பிடற எடத்துல எல்லாம் பேரை மாத்தணும். பத்து ஃபங்ஷனை அப்படி மாத்திட்டேன். பதினொண்ணாவது, ஒரு வரியைப் படிச்சுத் தர்ற ஃபங்ஷன். எரநூறு எடத்துக்கு மேல அதைக் கூப்பிட்டிருந்தோம், ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்து மாத்தணும். ஸ்கிரீனையே பாத்துக்கினு எவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியலை. கை ஓடலை. கடைசில பில்டு ஃபைல்ல ஒரே ஒரு ஆப்ஷன் சேத்தேன். ஒரே பேர்ல ரெண்டு வந்தா கத்தாத, மொதல்ல வர்றதை எடுத்துக்கன்னு அதுக்கு அர்த்தம். எர்ரர் போயிடுச்சு. என் மெஷின்ல எங்க ஃபங்ஷன்தான் மொதல்ல வந்துச்சு, பொட்டியும் ஓடுச்சு.

இந்தத் திருட்டு வேலையை எங்க தொழில்ல பண்ணாதவன் கம்மி. பண்ணா யார்கிட்டயாவது சொல்லித் தொலைக்கணும். நான் சொல்லலை.

எங்க டீம்ல ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பாத்து ஓகே போடணும். பின்னாடி தப்பு வந்தா எழுதினவனைக் கேக்க மாட்டாங்க, ஓகே போட்டவங்களைத்தான் புடிப்பாங்க. ஆனா சீனியர் எழுதினதை வரி வரியா நோண்டிப் பாத்தா மரியாதை இல்லைன்னு ஒரு கூத்தும் கூடவே உண்டு. அவ நோண்டலை. நான் அனுப்பின அஞ்சாவது நிமிஷம் ஓகே போட்டா. "தேங்க்ஸ்ணா, இந்த நேரத்துல உங்களைப் போய் தொந்தரவு பண்ணிட்டேன்"னு வேற சொன்னா.

மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்துல காலைல டெஸ்ட். பொட்டியை வாங்கப் போறவங்க நாலு பேர் மணல்ல ஷூவோட நின்னாங்க. மேனேஜர் பக்கத்துலயே நின்னு பேசிக்கினு இருந்தார். நானும் அவளும் லேப்டாப்போட உக்காந்திருந்தோம். படகுக்காரர் கொஞ்ச தூரம் போய் போன் பண்ணார்.

"பட்டனை அழுத்திட்டேன் அண்ணாத்த. இன்னா, வந்துச்சா?"

"வர்லையே."

"மறுக்கா அழுத்தறேன், பாரு."

ஸ்கிரீன்ல படகோட புள்ளி சமர்த்தா நகந்துக்கினு இருந்துச்சு. ஆபத்துன்னு மட்டும் வரவே இல்லை. ஏழெட்டு தடவை அழுத்திப் பாத்துட்டுத் திரும்பி வந்தார். எறங்கினதும், எல்லார் காதுலயும் வுழற மாதிரி, "நெசமாவே கவுந்திருந்தா நான் காலி. இதை நம்பியா எங்களைக் கடலுக்குப் போவச் சொல்றீங்க?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. நாலு பேரும் மேனேஜரைப் பாத்தாங்க.

எனக்கு மணல்லயே புரிஞ்சு போச்சு. பொட்டிக்குப் போற கடைசி பில்டை வேற மெஷின்ல போடுவோம். அங்க ஃபைல் வரிசை வேற, அதனால லைப்ரரியோட ஃபங்ஷன் முந்திக்கிச்சு. எங்களுது, வரி முடியற எடத்துல இருக்கற குறியை வெட்டிட்டுத் தரும். லைப்ரரியோடது வெட்டாம தரும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒத்தைக் குறி ஒட்டிக்கினு வந்ததால, பட்டன் குடுத்த செய்தி இன்னான்னு பொட்டிக்கு அடையாளம் தெரியலை. தூக்கிப் போட்டுடுச்சு.

மத்தியானம் ஆபீஸ்ல மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். "இதுக்கு யார் ஓகே போட்டது?"

"நான்தான் சார்"னா அவ.

"பாத்துட்டா போட்ட?"

அவ என் பக்கம் ஒரு தடவை திரும்பினா. நான் தண்ணி பாட்டில் மூடியைத் திருகிக்கினு இருந்தேன். வாயைத் தொறந்திருக்கலாம், ரெண்டு வார்த்தைதான். பயந்தேன்னுகூட சொல்ல முடியாது, பயந்திருந்தா அதையாவது சாக்கா சொல்லலாம். எனக்கு ஒண்ணுமே தோணலை. எதிர் வூட்ல சண்டை நடக்கற மாதிரி பாத்துக்கினு இருந்தேன். "கஸ்டமர் முன்னாடி மானம் போச்சு, மாசக் கடைசியோட பாத்துக்கலாம்"னு அவர் முடிச்சுட்டார்.

மறுநாள் அந்த ஆப்ஷனைத் தூக்கிட்டு, எரநூத்திச் சொச்சம் எடத்தையும் மாத்தினேன். காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சது, சாயங்காலம் அஞ்சுக்குள்ள முடிஞ்சுது. ஒரு நாள் வேலை, அவ்ளோதான். அவ ஒவ்வொரு வரியாப் படிச்சு ஓகே போட்டா. அடுத்த வாரம் அதே கரையில, பட்டன் அழுத்தின அடுத்த செகண்டு ஸ்கிரீன் செவப்பாச்சு. வாங்கறவங்க கை தட்டினாங்க. மேனேஜர் என் முதுகுல தட்டினார். மாசக் கடைசியோட வேலை இல்லைன்னு அவளுக்கு வந்த லெட்டர் மட்டும் மாறலை.

கடைசி நாள் சாயங்காலம் அவளோட பையைத் தூக்கிக்கினு ஷேர் ஆட்டோ நிக்கற எடம் வரைக்கும் போனேன். அங்க போய்த்தான் வாய் தொறந்துச்சு. "அந்த ஆப்ஷனைப் போட்டது நான்தாம்மா."

"தெரியும்ணா. அன்னிக்கு மத்தியானமே பாத்தேன். எந்த வரியை யார் எழுதினதுன்னு ஹிஸ்டரில இருக்குதே."

"அப்ப ஏன் சார்கிட்ட காட்டலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். பன்னெண்டு நாள்ணா. தெனம் நீங்க உள்ள வரும்போது, இன்னிக்கு சொல்லிடுவாரு, இன்னிக்கு சொல்லிடுவாருன்னு." கோவமா சொல்லியிருந்தா தேவலை. சாதாரணமா சொன்னா. "நேத்துதான் பொண்ணுக்கு டி.சி. வாங்கினேன்."

ஆட்டோ வந்துச்சு. பையை என் கையில இருந்து வாங்கிக்கினு ஏறிட்டா.

நான் நேரா திரும்பி மேனேஜர் ரூமுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார். "எனக்கும் தெரியும்பா. நீ இருக்கற நெலமையில உன்னைப் போய் இன்னான்னு கேக்கறது? வேற யாராவது ஒருத்தர் தலையில விழணுமே. விடு, போய் வேலையைப் பாரு"ன்னார்.

படிக்கட்டுல எறங்கறப்ப காது ரெண்டும் எரிஞ்சுது. இன்னாடா இதுன்னு கைப்பிடியைப் புடிச்சுக்கினு நின்னேன். வெக்கம். என் பொண்டாட்டி செத்ததைக் காட்டி என்னைக் காப்பாத்தியிருக்காங்க, நானும் வாயை மூடிக்கினு காப்பாத்த வுட்டிருக்கேன். பொண்டாட்டி போன அன்னிக்கு வராத அழுகை, அந்தப் படிக்கட்டுலதான் வந்துச்சு.