ஏரியைச் சுற்றிய ஆறு பேரும் பதினாலு டீயும்

டூர் மேனேஜர் என்றால் ஊர் சுற்றிக் காட்டுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் சுற்ற வந்தவர்களைச் சும்மா இருக்க வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாட்டை நான் விளக்கவே வேண்டாம். ஒருவருக்குப் பசிக்கும், ஒருவருக்குப் பசிக்காது, ஒருவர் ஏறின அஞ்சாவது நிமிஷத்தில் எப்போது வீட்டுக்குப் போவோம் என்பார். எனக்கு அதுவே உத்தியோகம்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் ஏஜென்சி. காசி, ராமேஸ்வரம், பாக்டரி இன்ஜினியர்களுக்கு வெளிநாட்டு விசா, இவைதான் எங்கள் பிழைப்பு. போன வருஷம் முதலாளிக்கு ஆசை வந்து ஒரு புது டூர் போட்டார். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்று தேசத்துக்கும் நடுவில் கிடக்கிற கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சைக்கிளில் நிதானமாக ஒரு சுற்று. மொத்தம் பத்து நாள். போக வர நாலு நாள், சைக்கிளில் ஆறு நாள். ஆறு பேர் சேர்ந்தார்கள். ஆறு பேருக்கும் நிதானம் என்றால் என்னவென்றே தெரியாது என்பது விமானம் ஏறின பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒப்பந்தம்

கோவிந்தராஜ் சாருக்கு அறுபத்திரண்டு வயது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து டர்னர் வேலைக்கு ஓசூர் வந்து, பிறகு தொழிற்பேட்டையில் சொந்தமாக யூனிட் போட்டவர். இரும்பு கடைகிற நாலு சிஎன்சி மெஷின். மகள் நந்தினி மெக்கானிக்கல் படித்துவிட்டு ஆறு வருஷமாக அங்கேதான் நிற்கிறாள். யூனிட்டைத் தன் பொறுப்பில் விடச் சொல்லி அவள் கேட்பதும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இவர் தள்ளுவதுமாக வீட்டில் தினமும் சண்டை.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பத்து நாள் அவள் தனியாக நடத்த வேண்டும். இவர் யூனிட் பக்கம் தலை காட்டக் கூடாது, போன் பண்ணக் கூடாது. பத்து நாளும் ஒழுங்காக ஓடிவிட்டால் யூனிட் அவளுடையது. உள்ளூரில் இருந்தால் அப்பா பத்து நிமிஷம்கூடத் தாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவளே வந்து அப்பாவையும் அம்மா மல்லிகாவையும் எங்கள் டூரில் சேர்த்தாள். பாதிப் படி இறங்கினவள் திரும்ப ஏறி வந்து என்னிடம் சொன்னாள்:

"அண்ணா, சோறு தண்ணி முன்னப்பின்ன ஆனாலும் பரவால்ல. பத்து நாளைக்கு முன்னாடி மட்டும் எங்கப்பாவக் கூட்டிட்டு வந்துராதீங்க."

வாடகை சைக்கிள்

ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் கடை. மற்றவர்கள் சீட் உயரத்தைச் சரி பார்த்துக்கொண்டிருக்க, கோவிந்தராஜ் சார் தன் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டார். பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதாம். கடைக்காரரிடம் சைகையிலேயே ஸ்பேனர் வாங்கி, அதைச் சரிசெய்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னுடையதையும் சேர்த்து, வரிசையில் நின்ற மற்ற ஆறு சைக்கிளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்.

மல்லிகா அம்மா பேட்டரி சைக்கிள் ஒன்றை எடுத்து, பெல்லை இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, ஏரியைப் பார்த்து நின்றுகொண்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் பொறுமைசாலி. இருந்தும் கடைசியில் என் பக்கமாக வந்து ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்:

"இவர் விடுமுறைக்கு வந்தாரா, இல்லை என்னிடம் வேலைக்கு வந்தாரா?"

டார்கெட்

ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். நடுவில் ஒரு கோட்டை, ஒரு பூந்தோட்டம், ஒரு பால்பண்ணை, மதியம் நல்ல சாப்பாடு, மரத்தடியில் ஒரு குட்டித் தூக்கம். திட்டம் அதுதான். எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் ஒரே பாக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிடையர் ஆனவர்கள். முப்பது வருஷம் சைரனுக்கு ஓடிப் பழகிய கால்கள். கோவிந்தராஜ் சார் மேப்பை விரித்து, "நாப்பத்தஞ்சு டார்கெட்டுன்னா நாம தொண்ணூறு பண்ணிருவோம்" என்றார். மூன்று பேரும் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர்கள் போல ஹெல்மெட்டை மாட்டினார்கள்.

கோட்டையை ஓட்டிக்கொண்டே பார்த்தார்கள். பூந்தோட்டத்தைப் பார்க்கவே இல்லை. முதல் ராத்திரி தங்க வேண்டிய ஊரைப் பதினொரு மணிக்கே தாண்டிவிட்டோம். சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டாம் ராத்திரி தங்க வேண்டிய ஹோட்டல் வாசலில் நின்றோம். எங்கள் பெட்டிகள் வேனில் நிதானமாகப் பின்னால் முதல் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் மூலைக்கு மூலை போன் போட்டு ரூமை மாற்றி, பெட்டியைத் திருப்பி, வேன் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஹோட்டல் நடத்தும் அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். வியர்த்து வடிய நின்ற எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உண்மையான கவலையோடு என்னைக் கேட்டார்:

"உங்களை யாராவது துரத்திக்கொண்டு வருகிறார்களா?"

பார்டர்

ஆறாவது ஆள் ஓசூர் பக்கம் பேரிகை ஊர்க்காரர் ராமச்சந்திரப்பா. தக்காளியும் ரோஜாவும் போடுகிற விவசாயி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். கூட்டத்தில் அவர் ஒருவர்தான் அடிக்கடி சைக்கிளை நிறுத்தினார், அதுவும் ஆப்பிள் தோட்டங்களில் ஆலங்கட்டி மழைக்குப் பாதுகாப்பாக மேலே கட்டியிருக்கிற வலையைப் பார்க்க. "பந்தல் கம்பி கொஞ்சம் லூசா கட்டிக்கிறாங்கப்பா" என்று ஒரு தடவை இறங்கி முறுக்கவும் போய்விட்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

சைக்கிளில் இரண்டாம் நாள் ஜெர்மனி முடிந்து ஆஸ்திரியா தொடங்கும் இடம் வந்தது. ஒரு சின்ன ஓடை, மேலே பாலம், ஓரத்தில் ஒரு போர்டு. அவ்வளவுதான். ராமச்சந்திரப்பா பாஸ்போர்ட், விசா நகல், ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரோடு கையில் எடுத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று தேடினார். காட்ட ஒரு ஈ காக்கை இல்லை. பாலத்தில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு தரம் நடந்து பார்த்தார். கவரை மடித்து உள்ளே வைக்கும்போது அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"ஜூஜுவாடி செக்போஸ்ட்ல என் தக்காளி வண்டி நின்ன நேரத்துக்கு, இவனுங்க மூணு தேசமும் பாத்துட்டு ஊட்டுக்குப் போயி துணியும் தொவச்சிருப்பானுங்க, பிடு, விட்டுத் தள்ளு."

இரண்டாவது சுற்று

நான் பயந்தது நடந்தது. ஆறு நாள் ஏரியை மூன்று நாளில் முடித்துவிட்டார்கள். புறப்பட்ட கடை வாசலிலேயே வந்து நின்று ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள். அடுத்த கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும். "டார்கெட் முடிஞ்சிருச்சே தம்பி, கிளம்பிரலாமா?" என்றார் கோவிந்தராஜ் சார். நந்தினி படியேறி வந்து சொன்னது நினைவுக்கு வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் வேறு மாதிரி இருக்கும். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் சும்மா உட்கார்வதற்கு அது தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்.

மல்லிகா அம்மா மட்டும் வரவில்லை. கரையில் ஒரு பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் வைத்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் இப்படி உட்கார்ந்ததில்லை என்று என்னிடம் சொன்னார். கணவர் பெல்லை அடித்து அடித்துக் கூப்பிட்டார். அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"நீங்க எத்தன தடவ வேணா சுத்துங்க, ஏரி எங்கயும் ஓடிராது."

எதிர் டீக்கடை

வாக்கு வாக்குதான் என்று கோவிந்தராஜ் சார் யூனிட்டுக்குப் போன் போடவில்லை. ஆனால் தினமும் காலை ஏழு மணிக்கு ரொட்டித் தட்டோடு ஹோட்டல் தோட்டத்துக்குப் போய்விடுவார். டூரின் ஏழாம் நாள் காலை நான் பின்னாலேயே போனேன். ஓசூரில் அப்போது பத்தரை, டீ நேரம். மனிதர் யூனிட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மாணிக்கத்திடம் பேசிக்கொண்டிருந்தார். யூனிட்டுக்கு எத்தனை டீ போயிற்று என்று மட்டும் கேட்பாராம். ஷிஃப்டில் மொத்தம் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு டீ போனால் எல்லோரும் வேலைக்கு வந்திருக்கிறார்கள், எல்லாம் ஓடுகிறது என்று கணக்கு. அது வரைக்கும் அவருக்கு ரொட்டி இறங்காது.

அன்றைக்கு மாணிக்கம் வாய் தவறிப் பதினாலு டீ என்று சொல்லிவிட்டார். முதல் நாளிலிருந்தே பதினாலுதானாம், இவர் கவலைப்படுவாரே என்று மாணிக்கம் இத்தனை நாள் பன்னிரண்டு என்றே சொல்லி வந்திருக்கிறார். சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. கூட இரண்டு பேர் என்றால் மெஷின் கம்பெனியிலிருந்து சர்வீஸ்காரர்கள் வந்திருக்கிறார்கள். வாரக் கணக்கில் வந்திருக்கிறார்கள் என்றால் மெஷினுக்கு உயிரான ஸ்பிண்டிலே போய்விட்டது. பெண் ஒண்டியாகத் திண்டாடுகிறாள், வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறாள். இப்படி ஒரு நிமிஷத்தில் முழுக்கதையும் அவருக்குள் ஓடி முடிந்துவிட்டது. உருண்டையான கண்ணீர் ஒன்று கன்னத்தில் இறங்கியது. எனக்கும் என்னவோ போலிருந்தது. நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன்.

அன்று பகல் முழுக்க, டிக்கெட் மாற்ற முடியாது, சீட் இல்லை, ஆபீஸ் போன் எடுக்கவில்லை என்று என்னால் முடிந்த பொய்யெல்லாம் சொன்னேன். அவர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி வராந்தாவில் அலைந்தார். சூப்பர்வைசர்கள் மூவரும் ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டார்கள். ராமச்சந்திரப்பாவுக்குத் தக்காளி விலை ஏறுவதாகத் தகவல். சாயங்காலம் கோவிந்தராஜ் சார் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் அவள நம்பாம இல்ல. அங்க மெஷின் நிக்கையில இங்க எனக்கு ரொட்டி இறங்கலய்யா."

கேட்

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை, டிக்கெட்டை மாற்றினேன். ஒன்பதாம் நாள் காலை பெங்களூரில் இறங்கினோம். மற்றவர்கள் அவரவர் வழியில் போனார்கள். சாரையும் மல்லிகா அம்மாவையும் நான் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். ஓசூருக்கு முன்னால் வரும் அத்திப்பள்ளி தாண்டினதும், வீட்டுக்கு வேண்டாம், யூனிட்டுக்கு விடு என்றார். வாக்கில் இன்னும் ஒரு நாள் பாக்கி என்று மல்லிகா அம்மா சொன்னார். அவர் காதில் விழவில்லை.

கார் நின்றதும் இறங்கி, கேட்டுக்கு வெளியே தலையைச் சாய்த்து நின்றார். பிறகு என்னைப் பார்த்து நாலு விரலைக் காட்டினார். நாலு மெஷினும் ஓடுகிற சத்தம் அவருக்குத் தனித்தனியாகக் கேட்கும். அப்போது மாணிக்கம் டீ கேனோடு ரோட்டைக் கடந்து வந்தார். சாரைப் பார்த்ததும் திருட்டுப் பூனை மாதிரி முழித்துவிட்டு உள்ளே நழுவினார். கேட்டுக்கு வந்த நந்தினி முதலில் என்னைத்தான் பார்த்தாள். "உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதாண்ணா கேட்டேன்" என்றாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சார் நேராகக் கேட்டுவிட்டார். சர்வீஸ்காரங்க யாரு, எந்த மெஷின், எத்தனை நாளாக. நந்தினிக்கு ஒன்றும் புரியவில்லை. பதினாலு டீ என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. "சர்வீஸ்காரங்க யாரும் வரலப்பா. அது பேக்கிங் பண்ற ரெண்டு அக்காங்களுக்கு. அவங்களும் காலைல ஒன்பது மணிலருந்து நம்ம யூனிட்லதான நிக்கிறாங்க" என்றாள். காண்ட்ராக்டர் மூலமாக வருகிற பெண்கள் என்பதால் இத்தனை வருஷமாக அவர்கள் சார் கணக்கிலேயே இல்லை, டீயும் கிடையாது. உள்ளே டீ வாங்க வரிசையில் நின்ற அந்த இரண்டு பெண்களும் டம்ளரோடு இவரைப் பார்த்தார்கள். ஒருத்தி திருப்பிக் கொடுத்துவிடலாமா என்பது போல டம்ளரைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். இவர் வேண்டாம், குடி என்று கையால் காட்டினார்.

கேட் திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே போகவில்லை. மகளுடைய தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி வந்து காரில் ஏறினார். என்ன ஆச்சு என்று மல்லிகா அம்மா கேட்டார்.

"பதினாலுதான் சரி, மல்லிகா. நான் போட்ட பன்னெண்டுதான் தப்பு. அவ யூனிட்ட அவ பாத்துக்குவா, வண்டிய வீட்டுக்கு விடச் சொல்லு."

ஆகவே, பிறரை ஓய்வெடுக்க வைத்துப் பிழைக்கிற என் இனத்தாரே, ஆளை எத்தனை கடல் தாண்டிக் கூட்டிப்போனாலும் சரி, கிளம்புவதற்கு முன்னால் அவர் போனிலிருந்து டீக்கடை நம்பரை மட்டும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.