வல்லைவெளியில் நின்ற கார்

அடியார்களே, சென்ற கார்த்திகையில், புயல் வருமென்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த ஒரு பகலில், வல்லைவெளியின் நடுவே எங்கள் பழைய கார் நின்றுவிட்டது. வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, என் மனைவி மலரின் இருதயக் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் உப்பு நீர். வீடில்லை. வானம் கறுத்து இறங்கியிருந்தது. மலருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது.

அம்புலன்ஸை அழைத்தேன். வெள்ளத்தால் வந்துசேரச் சுணங்கும் என்றார்கள். வீதியில் வேறு வாகனமும் இல்லை. புத்தியுள்ளவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் என்ஜின் படிப்பித்து ஓய்வு பெற்றவன். முறைப்படி தொடங்கினேன். பிளக்கில் பொறி நன்றாக வந்தது. என்ஜினுக்குப் பெற்றோலை ஊட்டும் காபரேற்றர் உலர்ந்திருந்தது. பெற்றோல் பம்பின் சவ்வு கிழிந்துவிட்டது. நோய் நிச்சயம், மருந்து யாழ்ப்பாணக் கடையில். மாணவன் எழுதிய விடையென்றால் முழுப் புள்ளி கொடுத்திருப்பேன். மலரின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

தூரத்தில் முனியப்பர் கோயில் தெரிந்தது. பொனற்றில் கைவைத்தபடி கேட்டேன்: "முனியப்பா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முடிஞ்சுது. தெரியாத வழியை நீ காட்டு."

அதுவரை கதைக்க இயலாதிருந்த மலர் மெல்லச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ... மண்ணெண்ணெயிலை கார் ஓடின காலத்திலை, போத்தலாலை நேரை பெற்றோல் குடுக்கிறனீங்கள் எல்லோ?"

போர்க்காலத்தில் பெற்றோல் அரிது. காபரேற்றருக்குள் போத்தலால் சிறிது பெற்றோல் விட்டு என்ஜினை எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எந்தப் பாடப்புத்தகமும் அனுமதிக்காத முறை. ஆகவே நானும் படிப்பித்ததில்லை. தெரியாத வழியைக் கேட்டேன். மறந்த வழியை முனியப்பர் அவள் வாயால் தந்தார்.

எரிபொருள் வரிசைக் காலத்திலிருந்து டிக்கியில் ஒரு கான் பெற்றோலும் ரியூப்பும் கிடந்தன. கானைக் காரின் கூரையில் கட்டி, ரியூப்பைக் காபரேற்றருக்கு இறக்கினேன். காருக்குச் சேலைன். சூட்டில் ஒரு சொட்டுச் சிந்தினால் இருவருக்கும் அங்கேயே தகனம். சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. ஆசுபத்திரி வாசல்வரை நிற்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்..." என்றார் டொக்டர்.

கனடாவிலுள்ள மகன் காரை இரும்புக்குப் போடச் சொன்னான். மெக்கானிக்கும் என்ஜின் தேய்ந்துவிட்டது என்றார். "மாஸ்டர், பம்பை மாத்தலாம். ஆனால் சூட்டோடை நிப்பாட்டினால் ஒருநாள் திரும்ப எடுக்காது."

மலரின் இருதயத்தைப் பற்றி டொக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். பம்பை மாற்றினேன்.

இப்போது ஒவ்வொரு கிளினிக் நாளும் முனியப்பர் முன்னால் என்ஜினை நிறுத்திக் கற்பூரம் கொளுத்துகிறோம். மெக்கானிக் சொன்னபடி சூட்டோடு நிறுத்தாமல் போவதே முறை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் முடிகிற ஓர் இடம் உங்கள் வழியிலும் இருக்கும், அடியார்களே. அங்கே நின்று கேளுங்கள். பதில் வரும்.

திரும்பி வந்து ஏறியதும் முதலில் மலரின் மூச்சைக் கேட்கிறேன். பிறகு சாவியைத் திருப்புகிறேன்.