சிமிழுக்குள் கிடக்கும் இரும்பு

என் பழைய குங்குமச் சிமிழுக்குள் கடுகில் பாதி அளவு இரும்புத் துகள் ஒன்று கிடக்கிறது. அறுபது வருஷம் ஆகிவிட்டது. துருப்பிடித்துப் போனாலும் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதைப் பார்த்தால் திருச்சி டாக்டரம்மா நினைவுக்கு வந்துவிடுகிறார்.

அப்போது விராலிமலைப் பக்கம் ஒரு கல்குவாரியில் என் வீட்டுக்காரர் பாறை பிளந்துகொண்டிருந்தார். மழுங்கிய உளிகளைக் கொல்லுப்பட்டறைக்குச் சுமந்துபோய்க் கூர் வைத்து வாங்கி வருவது என் வேலை. ஒருநாள் சம்மட்டி அடித்தபோது அவர் வலது கண்ணில் ஏதோ தெறித்தது. இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். "கல்லுத் தூசிதான், தாய்ப்பாலு விட்டா வந்துரும்" என்றார் மாமியார். கைக்குழந்தைக்குக் கொடுத்த பாலையே இரண்டு நாள் அவர் கண்ணிலும் விட்டேன். மூன்றாம் நாள், என் முகமே தெரியவில்லை என்றார். மாமியாரையும் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "உள்ள என்னமோ இருக்கு. கல்லா, இரும்பா? இரும்புன்னா காந்தத்த வச்சு இழுத்துரலாம். கல்லுன்னா கிழிச்சுத்தான் தேடணும்."

"கல்லுதாங்க. குவாரியில வேற என்ன தெறிக்கும்?" என்றார் மாமியார்.

எனக்குத் தெரியும். கண்ணில் தெறித்ததற்கு மறுநாள் நான் பட்டறைக்குக் கொண்டுபோன உளியின் தலை ஓரத்தில் புதிதாகப் பெயர்ந்து, அந்த இடம் வெள்ளையாக மின்னியது. ஆனால் வெளியாள் முன்னால் பேசியும் பழக்கமில்லை, மாமியார் பேச்சை மறுத்தும் பழக்கமில்லை. டாக்டரம்மா கத்தித் தட்டைக் கிட்டே இழுத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இரும்புங்க. உளித்தலை பேந்திருக்குங்க, நான் பாத்தேன்."

"ஆத்தாடி! வீட்டுல மண்டைய மண்டைய ஆட்டுறவ, இங்கிட்டு வந்து வாயத் தொறக்குறா பாரு!" என்றார் மாமியார்.

"தொறக்கட்டுமே. பாத்தது அவதான?" என்று சிரித்தபடியே டாக்டரம்மா பெரிய காந்தத்தைக் கண்ணருகே கொண்டுவந்தார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒட்டிவந்த துகளைப் பஞ்சில் வைத்து என்னிடம் நீட்டினார். "நீ சொன்ன இரும்பு. நீயே வச்சுக்க, ஒன் மாமியாகிட்டக் குடுத்துறாத."

கண் கட்டைப் பிரித்த அன்று என் வீட்டுக்காரர் குழந்தையைக் கிட்டே தூக்கிப் பார்த்தார். "ஏய், புள்ளைக்குப் பல்லு மொளச்சிருக்கு!" என்றார். அதைவிடப் பெரிய சேதி எனக்கு இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த மகள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். அவள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்த மாம்பழ பொம்மை ஒன்று ஒட்டியிருக்கிறது. நேற்று அதைக் கழற்றி எடுத்து, சிமிழைத் திறந்து, அந்தத் துகளைப் பொம்மையின் முதுகுக்குக் கிட்டே கொண்டுபோனேன். அத்தனை துருவோடும் துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டது.

"என்னாத்தா அது?" என்றாள் மகள். அவளிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

"இப்புடி உக்காரு, சொல்றேன்" என்றேன்.