அருள்நாதன் மேஸ்திரி கார் பொம்மையைச் சோதித்த கதை

பாப்பிரெட்டிப்பட்டியில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் எனக்கு எத்தனையோ மேஸ்திரிகளைத் தெரியும். பள்ளிப்பட்டி அருள்நாதனைப் போல ஒரு சந்தேகப் பிராணியை மட்டும் பார்த்ததில்லை. லாரி நிறையச் செங்கல் வந்து நின்றாலும் இரண்டை எடுத்துக் காதோரம் தட்டுவார். நகத்தால் கீறுவார். கடைசியாக மார்பளவு உயரத்திலிருந்து ஒன்றைக் கீழே போடுவார். உடைந்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

வாங்கும் மூட்டைக்கு இத்தனை பாயிண்ட் என்று சேர்த்து, மேஸ்திரிகளுக்குச் சிமெண்ட் கம்பெனி பரிசு தருகிறது. இந்த வருடம் அவர் பாயிண்டுக்கு இரண்டில் ஒன்று எடுக்கலாம். ஒன்று பிரஷர் குக்கர். இன்னொன்று, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கற்களைச் செருகிக் கட்டும் சிவப்புக் கார். கார் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதை நானே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கட்டி மேசைமேல் வைத்திருந்தேன்.

அவர் மகள் ஜெனிஷா, நாலாம் வகுப்பு, ஒரு மாதமாக அதன் முன்னால்தான் நிற்பாள். அவள் அம்மா இசபெல்லாவுக்கோ குக்கர் வேண்டும். சனிக்கிழமை அப்பாவும் மகளும் ஒரு பேச்சோடு வந்தார்கள்.

"கல்லு நல்லாருந்தா கார். இல்லைன்னா அம்மாவுக்குக் குக்கர். சரிதானே?"

"சரிப்பா," என்றாள். குரல் மட்டும் சரியாக இல்லை.

கண்ணாடி போட்டுப் பார்ப்பார், உருட்டிப் பார்ப்பார் என்று நான் நினைத்தேன். மனுஷன் காரைத் தூக்கினார், மார்பளவுக்குக் கொண்டுபோனார், விட்டுவிட்டார்! கார் என் கடைத் தரையில் சிதறி, ஒரு சக்கரம் பெயிண்ட் டப்பாவுக்கு அடியில் ஓடிவிட்டது.

"என்ன மேஸ்திரி, மூளை கீளை இருக்குதா உங்களுக்கு?" என்று கத்தினேன். என் ஒரு மத்தியானம் போயிற்றே!

"ஒடஞ்சு போச்சுங்கக்கா. கல்லு சரியில்ல. குக்கரையே குடுத்துடுங்க."

ஜெனிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினாள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். பெயிண்ட் டப்பாவை நகர்த்திச் சக்கரத்தையும் எடுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்பா, ஒரு கல்லுகூட மொனை போவல. செவுருதான் வுழுந்துச்சு. கல்லு அத்தனையும் முழுசா இருக்குது."

மேஸ்திரி தன் பேச்சிலேயே வசமாக மாட்டிக்கொண்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அவர் இரண்டு கல்லை வாங்கிக் காதோரம் தட்டினார். நகத்தால் கீறினார். ஒரு கோடுகூட விழவில்லை.

"தேறிடுச்சுங்கக்கா," என்றார், தலையைச் சொறிந்துகொண்டே. "கார்னே எழுதிக்குங்க."

"வூட்டுல என்ன சொல்லுவீங்க?"

"அதை அப்புறம் பாத்துக்கலாங்க."

காரைத் திரும்பக் கட்ட இருவரும் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அவர் அடிப்பலகையை வைத்து, நீளமான ஒரு சிவப்புக் கல்லை அதன்மேல் அழுத்தப் போனார். சட்டென்று கை நின்றது. எங்கள் பக்கம் யார் வீடு கட்டினாலும் முதல் கல்லை மேஸ்திரி வைக்கமாட்டார். சொந்தக்காரர் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். இருபது வருடமாக ஊர் ஊராக அப்படிக் கொடுத்தவர், தான் இருப்பது வாடகை வீட்டில்.

கல்லை இரண்டு கையிலும் ஏந்தி மகளிடம் நீட்டினார்.

"வாங்க ஓனரம்மா, மொதக் கல்லு நீங்கதான் வைக்கணும்."

ஜெனிஷா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வைத்தாள். அவர் எழுந்து இரண்டடி தள்ளிப்போய், கைகட்டி நின்றார்.