ஏழாவது ஆள்

கால்பந்து என்றாலே எனக்கு ஒரு காலத்தில் எரிச்சல் வரும். யாரோ ஒரு பந்தைத் துரத்துவதற்கு நான் எதற்காக நாற்பது படிவம் நிரப்ப வேண்டும்? அருள்புரத்திலிருந்து பல்லடம் போகிற வழியில் இருந்த ஒரு தனியார் கலைக் கல்லூரியில் நான் அலுவலகக் கண்காணிப்பாளர். பெயர் அய்யாசாமி. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்கிற பையன்களின் விண்ணப்பம், விடுதி அனுமதி, அடையாள அட்டை, பாதியில் ஓடிப்போகும்போது டி.சி., எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். அவர்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவருகிறவர் உடற்கல்வி இயக்குநர் அந்தோணிராஜ், எங்களுக்கெல்லாம் மாஸ்டர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர்க்காரர். பதினைந்து வயதில் குடும்பத்தோடு திருப்பூர் வந்தவர். பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் பனியன் கம்பெனியில் கைமடி வேலை. டெய்லர் தைத்துத் தள்ளுகிற பீஸ்களை வாங்கி மடித்து அடுக்கிக் கொடுப்பவருக்கு இங்கே அதுதான் பெயர். மடித்த நேரம் போக மிச்சத்தில் பந்து உதைத்து மாவட்ட அணி வரைக்கும் போனார். முழங்கால் போனதும் உடற்கல்விப் பட்டம் படித்துவிட்டு எங்கள் கல்லூரிக்கு வந்தார். பதினோரு மாத ஒப்பந்தம். ஒவ்வொரு மே மாதமும் அது புதுப்பிக்கப்படுமா என்று என் முகத்தைப் பார்ப்பார். நானா புதுப்பிக்கிறேன்?

அதே மே மாதத்தில் ஒரு பழைய பந்தைப் பையில் போட்டுக்கொண்டு தெற்கே பஸ் ஏறுவார். கடற்கரையில் பையன்கள் ஆடுவதைப் பார்த்து, நன்றாக ஆடுகிறவன் வீட்டுக்குப் போய் உட்காருவார். ரொம்ப நன்றாக ஆடுகிறவர்களை அதற்குள் கோயம்புத்தூர், சென்னைக் கல்லூரிகள் கொத்திக்கொண்டு போயிருக்கும். அவர்களிடம் புல்தரை இருக்கிறது, பேர் இருக்கிறது. எங்களிடம் பாதி சரளைக்கல், காற்றடித்தால் சாயப்பட்டறை நாற்றம். கட்டணமில்லாத படிப்பு, விடுதிச் சாப்பாடு என்று மாஸ்டர் சொல்லச் சொல்ல அம்மாக்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். கடைசியில் ஒரே கேள்வி வருமாம்: "மூணு வருசத்துக்கு வீட்டுக்கு அவனால ஒண்ணும் வராதே சார்?"

அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலில்தான் எல்லா வினையும். "சனி, ஞாயிறு கம்பெனில அரை ஷிப்ட் சேத்து விடுதேம்மா. அவன் செலவு போக உங்களுக்கும் அனுப்புவான்."

திருப்பூரில் இருந்துகொண்டு இப்படி ஒரு வாக்குக் கொடுக்கலாமா? அரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் ஆகும். உள்ளே போன கையை இந்த ஊர் லேசில் விடாது. பதினைந்து வயதிலிருந்து அதைப் பார்த்தவருக்குத் தெரியாதா? தெரியும். அணிக்கு ஆள் வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "வேற என்ன சொல்லிக் கூட்டிட்டு வரட்டும், சொல்லுங்க?" என்று கோபித்துக்கொண்டு போனார்.

2007 ஜூனில் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். தீபாவளி போனஸ் முடிந்து கம்பெனிகள் புது ஆள் எடுத்தபோது நான்கு பேர் முழுநேர வேலைக்குப் போனார்கள். இரண்டு பேரைக் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்று இழுத்துக்கொண்டது. ஒருவன் ஊர் நினைப்பு வந்து ராத்திரி ரயில் ஏறிவிட்டான். முந்தைய வருடங்களில் சேர்ந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. மிச்சம் ஏழு. ஜனவரியில், பல்கலைக்கழகப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, கோல்கீப்பர் இசக்கிமுத்துவும் விடுதியைக் காலி செய்துவிட்டு முழுநேர வேலைக்குப் போனான். அவனுடைய டி.சி. விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. தாளாளர் ஊரில் இல்லை, திங்கட்கிழமைதான் கையெழுத்து. அதுவரை அவன் எங்கள் மாணவன்தான். விண்ணப்பத்தின்மேல் பேப்பர் வெயிட்டை வைத்தேன்.

போட்டி சனிக்கிழமை மூன்று மணிக்கு அவிநாசியில். பதினோரு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தைக் குறைந்தது ஏழு பேரோடு தொடங்கலாம், ஆறு பேர் என்றால் நடுவர் விசிலே ஊதமாட்டார், வாக்ஓவர், ஆடாமலே தோற்றதாகக் கணக்கு. முந்தைய வருடமும் வாக்ஓவர்தான். வெள்ளிக்கிழமை தாளாளர் போனில் என்னைக் கூப்பிட்டார். "அய்யாசாமி, நாளைக்கும் ஆள் இல்லீன்னா கால்பந்து சீட்டே வேண்டாமுங்க. இருக்கற பசங்க ஃபீஸைக் கட்டிப் படிக்கட்டும். மாஸ்டரும் வேற எடம் பாத்துக்கட்டும். லெட்டர் அடிச்சுக் கையோட கொண்டு போயி, அங்கயே அவருகிட்டக் கையெழுத்து வாங்கீட்டு வந்துருங்க."

நானே அடித்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தக் காகிதம் அன்றைக்கு நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை ஒன்றரைக்கு நான் கல்லூரி வேனில் ஏறியபோது ஆறு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஃபீஸ் கட்டிப் படிக்கிற வசதி ஒருவனுக்கும் கிடையாது. மாஸ்டர் டிரைவர் பக்கத்தில் ஏறி, "அவிநாசிக்கு இல்லங்க. முதல்ல கம்பெனிக்கு விடுங்க" என்றார். எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கவில்லை. இசக்கிமுத்துவை அரை ஷிப்ட்டுக்கு அங்கே சேர்த்துவிட்டவரே அவர்தான்.

வாட்ச்மேனிடம் பேசி உள்ளே போகும்போது மணி இரண்டு ஆகிவிட்டது. பேக்கிங் ஹாலில் நீள மேஜைகள். இருபது பேர் பனியனை மடித்துக் கவரில் போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே கன்டெய்னர் வாயைத் திறந்து நின்றது. இசக்கிமுத்து எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கை மட்டும் மடித்துக்கொண்டே இருந்தது.

"ஏல இசக்கி, ஒரு ஆட்டம்தாம்ல. நீ வரலன்னா இந்த ஆறு பேரும் தெருவுல நிப்பானுவ."

அவன் நிமிரவில்லை. "நீங்கதான சார் சேத்து விட்டீங்க? இப்பந்தான் அம்மைக்கு வாரா வாரம் அனுப்புதேன். இன்னைக்கு எந்திரிச்சுப் போனா திங்கக்கிழம உள்ள விடமாட்டாவ. நான் என்ன செய்யட்டும்?"

மாஸ்டர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து வருடமாக நான் சொல்லி ஏறாதது அந்த ஒரு வரியில் ஏறிவிட்டது. அப்படி நின்ற மனிதரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பேக்கிங் இன்சார்ஜ் பசீர் அகமது வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு அவர் கழுத்திலும் கத்தி. "மாஸ்டர், ஆறு மணிக்குக் கன்டெய்னர் கெளம்போணுமுங்க. தூத்துக்குடில கப்பல் நமக்காக நிக்காது. ஏற்கனவே ரெண்டு ஆள் வரலை. நானென்னங்க பண்றது?" கொஞ்சம் யோசித்து, "மாத்து ஆள் இருந்தா நிறுத்தீட்டுக் கூட்டீட்டுப் போங்க. நம்ம வழக்கம்தானுங்களே" என்றார்.

வழக்கம்தான். வீட்டில் சாவு, கல்யாணம் என்றால் தன் இடத்தில் அண்ணனையோ மச்சானையோ நிறுத்திவிட்டுப் போவார்கள். மேஜை காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இரண்டே கால் மணிக்கு மடிக்கத் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது? டிரைவரைப் பார்த்தேன். டிரைவர் போனால் வேன் யார் ஓட்டுவது? என் கையைப் பார்த்தேன். வேட்டியைத் தவிர வேறு துணியை மடித்ததில்லை.

அந்தோணிராஜ் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நான் நிக்கேன் பாய்" என்றார்.

"மாஸ்டர், நீங்களா? காலேஜ் வாத்தியாரு..."

"கைமடிதான் பாய் நானு. எந்திரில இசக்கி."

அவன் எழுந்திருக்கவில்லை. அவர்தான் அவனுடைய தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றார். ஒரு பனியனை விரித்தார், அதன் இரண்டு கையையும் உள்ளே தள்ளினார், மூன்று மடிப்பு. விரல்கள் எதையும் மறக்கவில்லை. பசீர் பாய் அடுத்த மேஜைக்கு நகர்ந்துபோனார்.

"அய்யாசாமி அண்ணா, டீம் மேனேஜர்னு நீங்க கையெழுத்துப் போடுங்க. மூணே கால் வரைக்கும்தான் நடுவர் பொறுப்பாரு. போங்க" என்றார் என்னைப் பார்க்காமலே. அவருடைய வேலையைப் பறிக்கிற கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, அவருடைய விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு வேனுக்கு ஓடினேன்.

திருப்பூருக்குள் சனிக்கிழமை மதியம் வேன் நகரவேண்டுமே! பாலத்தருகே இருபது நிமிடம் நின்றோம். இசக்கிமுத்து வேனுக்குள்ளேயே சட்டை மாற்றினான். அவிநாசி மைதானத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மூன்று பத்து. நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார். எதிரணி பதினோரு பேர், மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் பாதியில் மூன்று கோல் விழுந்தது. விழட்டும். என் கவலை எண்ணிக்கை பற்றியது. ஒருவன் வெளியே போனாலும் ஆறு, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் இருக்கும்போது, முன்னால் ஆடிய பையன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். நடுவர் அவனை வெளியே அனுப்பக் கை காட்டினார். நான் கோட்டுக்கு வந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. இசக்கிமுத்து ஓடிப்போய் அவனைத் தூக்கி நிறுத்தி, கைத்தாங்கலாக நடத்திக்கொண்டுபோய், கோல் கம்பத்தைப் பிடிக்க வைத்தான். "ஆட வேண்டாம்ல. விழாம நின்னாப் போதும்."

அவன் நின்றான். அழுதுகொண்டே நின்றான். இன்னும் இரண்டு கோல் விழுந்தது. கடைசி விசில் ஊதியபோது ஐந்துக்குப் பூஜ்ஜியம், மைதானத்தில் எங்கள் ஆட்கள் ஏழு பேர். நான் ஆட்டத்தாளில் கையெழுத்துப் போட்டேன். சட்டைப் பையில் இருந்த கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தேன்.

கம்பெனிக்குத் திரும்பியபோது ஆறடிக்கப் பத்து நிமிடம். கடைசிப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அந்தோணிராஜ் சட்டை முழுக்கப் பஞ்சுத்தூசியோடு அதே மேஜையில் நின்றார். எத்தனை கோல் என்று கேட்கவில்லை. "முடிச்சீங்களா?" என்றார்.

"முடிச்சோமுங்க, மாஸ்டர்" என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்வதுபோல ஒரு பனியனை எடுத்து, கம்பெனிப் பீஸ் என்று நினைவு வந்து கீழே வைத்துவிட்டு, முழங்கையால் கண்ணைத் துடைத்தார். இசக்கிமுத்து பக்கத்தில் போய் நின்று, "தள்ளுங்க சார், என் இடம்" என்றான். அவர் கொஞ்சமாகத்தான் தள்ளினார். மிச்சம் இருந்த இரண்டு பெட்டியை இருவரும் சேர்ந்தே மடித்தார்கள்.

திங்கட்கிழமை அவனுடைய டி.சி.யில் தாளாளர் கையெழுத்துப் போட்டார். என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனான். கால்பந்து சீட்டு தப்பியது, ஆறு பேரும் படித்தார்கள், மாஸ்டரின் ஒப்பந்தம் இன்னொரு பதினோரு மாதம் ஓடியது. அந்த மே மாதம் தெற்கே போனபோது அவர் எந்த அம்மாவிடமும் கம்பெனிப் பேச்சே எடுக்கவில்லை. பன்னிரண்டு வீட்டில் மூன்று வீடுதான் சரி என்றது. "பழைய ஆறு பேரோட சேத்தாலும் ஒம்பதுதாங்க. இந்த வருசமும் முழு டீம் இல்ல" என்று என் மேஜைக்கு எதிரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குத்தான் இசக்கிமுத்து வந்தான். கூடவே அவனைப் போலவே உயரமாக ஒரு பையன், கையில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். அவன் தம்பி. தம்பியோடு படித்த நான்கு பேரும் வெளியே நின்றார்கள். அவர்கள் வீடுகளுக்கும் இசக்கிமுத்துவே போய்ப் பேசியிருக்கிறான். நான் விண்ணப்பங்களை எடுத்துக் கொடுத்தேன். மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"வீட்டுக்கு நான் அனுப்பிக்கிடுதேன் சார்" என்றான் இசக்கிமுத்து. "இவன மட்டும் அரை ஷிப்ட்ல சேத்து விட்டுராதீங்க."